தனியொருவர் சமைத்த தமிழ் இணையம்



சென்ற பள்ளி விடுமுறையின்போது எங்கள் பள்ளியின் பழைய நிலைப்பேழை ஒன்றைத் துப்புரவு செய்தோம். மாணவர் வருகைப் பதிவேடுகளுக்கும் மங்கிப்போன விளையாட்டுப் போட்டிக் கேடயங்களுக்கும் நடுவே ஒரு நெகிழ்வட்டு கிடைத்தது. அதன்மேல் நீல மையில் 'பள்ளி வரலாறு' என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்தைக் கண்டவுடனேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த காலத்தில் என்னை வழிநடத்திய மூத்த ஆசிரியர் ஒருவரின் கையெழுத்து அது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓய்வு பெறுவதற்கு முன்னர், தோட்டத்தில் எங்கள் பள்ளி தோன்றிய கதையை அறிந்த முதியோரைத் தேடிச் சென்று, அவர்கள் கூறியவற்றைக் குறிப்பெடுத்துத் தம் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து வருவதாக அவர் சொன்னது நினைவில் இருந்தது. அம்முதியோரும் இன்று இல்லை.

நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி வந்து திறந்தேன். இரண்டு கோப்புகள் இருந்தன. இரண்டிலும் தமிழ் இல்லை! ஒன்றில் ஐரோப்பிய மொழிகளில் வரும் கொம்பும் புள்ளியும் இட்ட எழுத்துகள் வரிசை வரிசையாய் நின்றன. மற்றொன்றில் ஆங்கில எழுத்துகள் பொருளற்றுக் குவிந்து கிடந்தன. எழுதியவர் தமிழில்தான் எழுதினார். எழுதியது அழியவும் இல்லை. ஆயினும் படிக்க முடியவில்லை. இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதற்கு விடை தேடினால், அது தமிழ் இணையத்தின் தோற்ற வரலாற்றிற்கே நம்மை இட்டுச் செல்கிறது. அவ்வரலாற்றைப் பெரும்பாலும் அரசுகளோ பெருநிறுவனங்களோ தொடங்கி வைக்கவில்லை. பகலில் வேறு தொழில் பார்த்து, இரவில் தம் சொந்த ஆர்வத்தால் கணினிமுன் அமர்ந்த தனிமனிதர்களே தொடங்கி வைத்தனர். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

அச்சுக் காலத்திலும் இதே கதைதான்

பினாங்குவாழ் தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் பாதிரியார் அட்சிங்ஸ் முயற்சியால் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பு என்பதை நாம் அறிவோம். அதன் இருநூறாம் ஆண்டை 2016இல் நாடு முழுவதும் கொண்டாடினோம். தமிழ் இதழியலிலும் இந்நகருக்கு முதுமை உண்டு. 1880களில் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில், 1887இல், சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். இவ்விதழ்கள் பெருஞ்செல்வர்களின் பெருந்தொழில்கள் அல்ல. ஓர் அச்சுப்பொறி, சில பெட்டி ஈய எழுத்துகள், ஒருவருடைய விடாமுயற்சி ஆகியவற்றாலேயே அவை நடந்தன. நடத்தியவர் களைத்தால் இதழும் நின்றது. எஞ்சிய படிகளைச் சில நூலகங்கள் காப்பாற்றி வைத்ததால்தான் இன்று நாம் அவற்றின் பெயரையேனும் அறிகிறோம்.

ஒரு நூற்றாண்டு கழித்து, ஈய எழுத்தின் இடத்தில் கணினி எழுத்துரு வந்து அமர்ந்தது. மற்றபடி கதை மாறவில்லை.

ஆசிரியர் வீட்டிலிருந்து ஒரு முரசு

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவரும் முயற்சியில் இறங்கினார். அவர் உருவாக்கிய மென்பொருளுக்கு 'முரசு' என்று பெயர் வைத்தார். அவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் தமிழாசிரியரும் கவிஞரும் ஆவார். ஒரு நூற்றாண்டுக்கால மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்து 1997இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டவர். தந்தை நாளேடுகளிலிருந்தும் பழைய மலர்களிலிருந்தும் கவிதைகளைத் திரட்டினார். மகனோ எழுத்துகளையே திரட்டினார். பின்னாளில் 'முரசு அஞ்சல்' மலேசியத் தமிழர் இல்லங்களில் பரவலாக வழங்கியது. 'அம்மா' என்பதை ஆங்கில ஒலிப்படி தட்டினால் தமிழில் தோன்றும் அஞ்சல் விசைமுறையில் தட்டச்சு பழகிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமாகிக் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் தமிழைக் கொண்டுவந்தது. அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் மற்றோர் ஆசிரியர் இருந்தார். அவர் நா. கோவிந்தசாமி (1946–1999). சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில், அதாவது ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தில், விரிவுரையாளராக இருந்தவர், சிறுகதை எழுத்தாளர். அவர் கணினித் துறையில் பட்டம் பெற்று இப்பணிக்கு வந்தவர் அல்லர். தமிழ் கற்பிக்க வந்தவர் தமிழுக்காகக் கணினியைக் கற்றுக்கொண்டார். அவர் உருவாக்கிய முறைக்குச் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் வகையில் 'கணியன்' என்று பெயரிட்டார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ முதலியோருடன் இணைந்து அவர் பணியாற்றியதன் பயனாக, 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியது. அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒளிர்ந்தது. உலகளாவிய வலையில் தமிழ் பதித்த முதற்சுவடுகளுள் அது ஒன்று. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் அவர் முன்னின்று நடத்திய 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு, அதுவரை தனித்தனித் தீவுகளாய் உழைத்தவர்களை முதன்முறையாக ஒரே கூரையின்கீழ் அமரச் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1999 மே மாதத்தில், அவர் காலமானார். தாம் ஊன்றிய விதை மரமானதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

வேதியியலாளரின் மாலை நேரம்

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் வாழ்ந்தார். தொழிலால் வேதியியல் அறிஞர். சூரிய ஒளியை மின்னாக்கும் சாயக் கலங்கள் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். தமிழ் அவருக்குப் பிழைப்பன்று, பற்று. 1990களின் தொடக்கக் கட்டத்திலேயே 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி, யாரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம் என்று வழங்கினார். தமிழ் தொடர்பாக இணையத்தில் தாம் கண்ட நல்ல பக்கங்களை எல்லாம் திரட்டித் 'தமிழ் மின்நூலகம்' என்னும் பெயரில் ஒரு பட்டியலாக அடுக்கி வைத்தார். தேடுபொறிகள் தமிழை அறியாத அக்காலத்தில், எங்கே என்ன இருக்கிறது என்று ஒருவர் கண்டு சொல்வதே பெருந்தொண்டு.

அவருடைய பெரும்பணி 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கியது. அதுவே 'மதுரைத் திட்டம்'. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகரின் பெயரையே அதற்குச் சூட்டினர். அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணை ஒருங்கிணைப்பாளராக இருந்தார். 1971இல் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் தாமே தட்டச்சு செய்து தொடங்கிய 'கூட்டன்பர்க் திட்டம்' உலகிற்கு ஒரு வழியைக் காட்டியிருந்தது: காப்புரிமை முடிந்த நூல்களை மின்வடிவாக்கி யாவர்க்கும் விலையின்றி வழங்குதல். மதுரைத் திட்டம் அதனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. திருக்குறள் அதன் முதல் மின்னூல். ஔவையார் நூல்கள் அதனை அடுத்து வந்தன.

பணி நடந்த முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டுவது. ஒரு நாட்டிலுள்ள ஆர்வலர் நூலைத் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டிலுள்ளவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். திருத்திய படி வலைத்தளத்தில் ஏறும். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை ஒவ்வொரு மின்னூலின் தொடக்கத்திலும் காணலாம். இல்லத்தரசியர், பொறியாளர், மாணவர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் அதில் உண்டு. ஊதியம் பெற்றவர் ஒருவரும் இலர். இன்று ஒரு மாணவர் சிலப்பதிகாரத்தைக் கைப்பேசியில் படிக்க முடிகிறதென்றால், அதன் பின்னே யாரோ ஒருவருடைய பல மாலைப்பொழுதுகள் உள்ளன.

எழுத்துகள் ஏன் சிதைந்தன?

இனி, என் நெகிழ்வட்டுப் புதிருக்கு வருவோம்.

அக்காலக் கணினிகளில் ஓர் எழுத்துருவிற்கு 256 இடங்களே உண்டு. அவற்றில் முதற்பாதி ஆங்கிலத்திற்கும் குறியீடுகளுக்கும் உரியது. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். அனைத்தையும் வைக்க இடம் போதாது. ஆகையால் கால், கொம்பு, கொக்கி ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக்கி, துண்டுகளைச் சேர்த்து எழுத்தைக் கட்டினர். அச்சுக்கோப்பவர் ஈயத் துண்டுகளைச் சேர்த்ததைப் போன்றதே இது. 'கொ' என்று எழுத, முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே துண்டுகள் சேமிக்கப்பட்டன.

இதில் தவறொன்றும் இல்லை. எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் எழுத்துருப் படைப்பாளியும் தம் வசதிக்கேற்ப வைத்தார். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தனர். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுதி, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும். ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவிற்குப் புரியாது. பூட்டுக்கு ஒரு சாவி என்று ஊரெங்கும் பூட்டுகள் பெருகிவிட்டன.

இதனைத் தீர்க்கவும் தனிமனிதர்களே முன்வந்தனர். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பாலா பிள்ளை தொடங்கிய 'தமிழ்.நெட்' மடற்குழுவில், உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் தமிழிலேயே மடல் எழுதிக்கொண்டனர். அங்குக் கூடிய ஆர்வலர்கள் விவாதித்து உருவாக்கிய பொதுக் குறியேற்றமே 'திஸ்கி'. முதற்பாதியில் ஆங்கிலம், பிற்பாதியில் தமிழ் என்பது அதன் அமைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாட்டில் தமிழ்நாட்டு அரசு 'தாம்', 'தாப்' என்னும் இரு குறியேற்றங்களையும், 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. ஆர்வலர் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என நின்ற அக்காலத்தில் கருத்து மோதல்களுக்கும் குறைவில்லை. இவற்றுக்கெல்லாம் ஒரு பொது மேடையாக 2000ஆம் ஆண்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதன் அடுத்த ஆண்டு மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடந்தது.

நிலையான தீர்வு ஒருங்குறியில் இருந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் இத்திட்டத்தின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் எண் ஒதுக்கினால் மட்டும் போதுமா? கணினியின் இயங்குதளம் அதனைப் புரிந்துகொள்ள வேண்டாவா? 'விண்டோஸ் 2000' வந்தபோதுதான் 'லதா' எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் பொதுமக்கள் கணினியில் குடியேறத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு அதனைத் தரமாக அறிவித்தது 2010ஆம் ஆண்டில். இடைப்பட்ட பத்தாண்டுகள், பழையதற்கும் புதியதற்கும் நடுவே பாலமின்றித் தவித்த ஆண்டுகள். அப்பாலத்தைக் கட்டியவர்களையே நான் மிகுந்த நன்றியோடு நினைக்கிறேன்.

பாலம் கட்டியோர்

ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் ஓர் எழுத்துரு மாற்றியை எழுதினார். ஒரு பெட்டியில் பழைய எழுத்துருவில் உள்ள உரையை ஒட்டி, எழுத்துருவின் பெயரைத் தெரிவு செய்தால், மறுபெட்டியில் ஒருங்குறித் தமிழ் வந்து நிற்கும். கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும். உண்மையில் அந்நிரல் எண்களை மட்டும் மாற்றினால் போதாது. கொம்பை முன்னால் வைத்து எழுதிய வரிசையை, மெய்யை முன்னால் வைக்கும் ஒருங்குறி வரிசைக்குத் திருப்பி அடுக்கவும் வேண்டும். அவர் அதனை ஒரே வலைப்பக்கத்திற்குள் அடக்கினார். அப்பக்கத்தைச் சேமித்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாதபோதும் அது இயங்கும்.

தமிழ்நாட்டின் அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர் தம்பி (1953–2006) மின்னணுவியல் அறிந்தவர், துபாயில் பணியாற்றியவர். அவர் உருவாக்கிய 'தேனீ' எழுத்துருவின் அருமை, சைபர் கஃபேக்களில் மணிக்கணக்கிற்குக் கட்டணம் செலுத்தித் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அங்குள்ள கணினிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இராது. நாமே நிறுவிக்கொள்ளவும் விடமாட்டார்கள். 'தேனீ' இயங்கு எழுத்துருவாக இருந்தது. வலைப்பக்கத்தைத் திறந்தவுடன் பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்திறங்கித் தமிழைக் காட்டிவிடும். ஒருங்குறித் தமிழில் எழுதத் தொடங்கிய பலரும் தங்கள் பக்கங்களில் அதனைப் பொருத்தினர். அதற்காக அவர் எவரிடமும் ஒரு காசும் பெற்றதில்லை.

எழுதுவதற்குக் கருவி வேண்டுமே! 'தமிழா' குழுவின் முகுந்தராஜ் 'எ-கலப்பை' என்னும் தட்டச்சுக் கருவியை இலவசமாக வழங்கினார். மின்னணுக் கலப்பை என்னும் பெயரே அழகு. உழுதவர் அவர், விளைச்சல் நமக்கு. அதன் தொடக்கப் பதிப்புகள், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின் முதலில் லாவோ மொழிக்காக எழுதிய 'கீமேன்' என்னும் மென்பொருளின்மீது கட்டப்பட்டவை. ஒரு சிறுமொழிக்காக ஒருவர் செய்த பணி மற்றொரு மொழிக்கு அடித்தளமானது.

கருவிகள் கிடைத்தபின் எழுதுவோர் பெருகினர். சிதறிக் கிடந்தவர்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியை உருவாக்கினார். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை, அமீரகத்தில் பணிபுரிந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தொடக்கத்தில் ஏறத்தாழத் தனி ஒருவராய்ச் சுமந்தார். 2001இல் நா. கண்ணனோடு சேர்ந்து தமிழ் மரபு அறக்கட்டளையைத் தொடங்கிய சுபாஷினி, நம் பினாங்கின் மகள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 2005இல் இலங்கையில் தொடங்கிய 'நூலகம்' திட்டமும் சில இளைஞர்களின் தன்னார்வத்தில் பிறந்ததே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த மண் அறிந்த அளவிற்கு வேறு எவர் அறிவார்?

மறைந்த தெருக்கள்

2008 ஜூலையில் நம் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியைப் பெற்றது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயமும், அவற்றைச் சூழ்ந்த கடைவீடுகளும் காப்பு வளையத்திற்குள் வந்தன. ஒரு சுவரை இடிக்க வேண்டுமானாலும் இசைவு பெற வேண்டும்.

அதற்கடுத்த ஆண்டு, 2009 அக்டோபரில், மற்றொரு நகரம் ஓசையின்றி இடிக்கப்பட்டது. அதன் பெயர் 'ஜியோசிட்டீஸ்'. 1994இல் தொடங்கிய அந்த இலவச வலைத்தளச் சேவையில் பக்கங்கள் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கல்வி, இலக்கியப் பக்கங்களுக்கு 'ஏதன்ஸ்' என்னும் குடியிருப்பு. கல்யாணசுந்தரத்தின் மின்நூலகமும் ஒரு காலத்தில் அங்குத்தான் இருந்தது. எத்தனையோ தமிழர்கள் தங்கள் ஊர்க் கதைகளையும் பாட்டிமார் சொன்ன பழமொழிகளையும் கோயில் வரலாறுகளையும் அங்கு எழுதி வைத்திருந்தனர். யாகூ நிறுவனம் சேவையை நிறுத்தியபோது, வேறிடத்திற்கு மாற்றப்படாத பக்கங்கள் மறைந்தன. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய 'இணையக் காப்பகம்' முதலியவற்றின் முயற்சியால் ஒரு பகுதி மீட்கப்பட்டது. அவ்வாறு மீட்கப்பட்ட தமிழ்ப் பக்கங்களைத் திறந்தாலும், எழுத்துரு இல்லாவிட்டால் எஞ்சுவது மீண்டும் அதே சிதைந்த எழுத்துகளே. பூட்டிய வீடு மீண்டது, சாவிதான் இல்லை.

பதின்மூன்று எழுத்துகள்

இனி, நெகிழ்வட்டின் முடிவைச் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டளவில் சுரதாவின் மாற்றிப் பக்கத்தை ஒரு குறுந்தகட்டில் சேமித்து வைத்திருந்தேன். முதற்கோப்பு திஸ்கியில் இருக்கலாம் என்று ஊகித்து அதில் ஒட்டினேன். ஒரு நொடியில் தமிழ் வந்தது! 'எங்கள் பள்ளியின் வரலாறு' என்னும் தலைப்பைக் கண்டபோது அவ்வாசிரியரே எதிரில் நின்று பேசுவது போலிருந்தது.

இரண்டாம் கோப்போ எந்த மாற்றிக்கும் வசப்படவில்லை. அவர் வேறொரு கணினியில், இன்று பெயரும் தெரியாத ஓர் எழுத்துருவில் அதனைத் தட்டச்சு செய்திருக்க வேண்டும். அதனைத் தாளில் அச்சிட்டு ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டினேன். "இதுவும் நம் பள்ளியின் கதைதான். படிக்க முடிகிறதா பாருங்கள்" என்றேன். ஒரு மாணவி, "சார், முதல் கோப்பில் இருந்த தலைப்பே இதிலும் இருக்குமா?" என்று கேட்டாள். அக்கேள்விதான் சாவியானது. 'எங்கள் பள்ளியின் வரலாறு' என்பதில் பதின்மூன்று எழுத்துகள். 'ள்' மட்டும் இருமுறை. தலைப்பு வரியில் அதற்கேற்ற இடங்களில் ஒரே குறி இருமுறை வந்திருந்தது. அங்கிருந்து பட்டியல் வளர்ந்தது. 'பள்ளி' எங்கெங்கு வருகிறது, 'தோட்டம்' என்பது எதுவாக இருக்கும் என்று தேடித்தேடி, இரு வாரங்களில் மாணவர்கள் ஏறத்தாழ முழுவதையும் படித்துவிட்டனர். மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை அவர்கள் அவ்வளவு ஊன்றிக் கவனித்து நான் கண்டதில்லை.

அதில் என்ன இருந்தது? தோட்டத்து லயத்தின் ஓரத்தில் அத்தாப்புக் கூரையின்கீழ்ப் பள்ளி தொடங்கிய கதை இருந்தது. பலகையும் ஆணியும் வாங்கத் தங்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்த பால்மரம் வெட்டும் தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. எங்கள் பள்ளியின் எந்த ஆண்டு மலரிலும் அப்பெயர்கள் இல்லை. பட்டியலில் பெண்கள் பலர். தாம் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அல்லர். பிள்ளைகள் கற்க வேண்டுமென்று கொடுத்தார்கள்.

அப்பட்டியலில் ஒரு பெயரை மட்டும் எங்களால் படிக்க முடியவில்லை. மூன்றெழுத்துப் பெயர். அதன் முதற்குறி கோப்பு முழுவதிலும் வேறெங்கும் வரவில்லை. ஆகவே ஒப்பிட்டறிய வழியில்லை. கேட்டறிய ஆளும் இல்லை. வகுப்பறைச் சுவரில் மாணவர்கள் எழுதி ஒட்டிய பட்டியலில் அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறோம். தாமாக ஓர் எழுத்தை இட்டு நிரப்பலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். "வேண்டாம், அது அவர் பெயராகாது" என்றேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ கோயில் அலுவலகத்திலோ பழைய நெகிழ்வட்டுகளும் குறுந்தகடுகளும் இருந்தால் வீசிவிடாதீர்கள். அவற்றைத் திறக்கக்கூடியவர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே திறந்து பாருங்கள். பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் நினைவிருந்தால் உறைமேல் எழுதி வையுங்கள். படித்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரு படியைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். தாளைப் படிக்க எழுத்துரு மாற்றி வேண்டியதில்லை.

கணியனையும் மயிலையையும் தேனீயையும் கலப்பையையும் நமக்களித்தவர்கள் பெரும்பாலும் பட்டமோ பதக்கமோ எதிர்பார்த்துச் செய்தவர்கள் அல்லர். ஒரு நாள் கூலியைக் கொடுத்த அத்தோட்டத் தொழிலாளர்களும் அவ்வாறே. இரு சாராரின் பெயரையும் பிழையின்றி எழுதி வைப்பது, அவர்களால் எழுத்தறிவு பெற்ற நம் கடமை.